திரைக்கு முன் ஓர் இசை

சாகாமத்திலிருந்து கடற்கரைக்கு இறங்கினால் திருக்கோவில் சித்திரவேலாயுத சுவாமி கோவில். அங்கிருந்து வடக்கே தம்பிலுவில், அக்கரைப்பற்று, அட்டாளைச்சேனை, ஒலுவில், நிந்தவூர், காரைதீவு, சாய்ந்தமருது, கல்முனை, மருதமுனை என்று தமிழ் ஊர்களும் முஸ்லிம் ஊர்களும் அடுத்தடுத்து வரும். இந்தக் கரையில் இரண்டு துணிகளுக்குப் பெரிய மரியாதை உண்டு. ஒன்று, கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளிவாசலில் ஆண்டுதோறும் நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் நினைவாக ஏற்றப்படும் கொடி. மற்றது, இந்த வழியாகத் திருக்கோவில், பொத்துவில், உகந்தை என்று கால்நடையாகப் போகும் அடியார்கள் கதிர்காமத்தில் கும்பிடும் திரை. கொடி ஏறும் இடத்தில் அந்த வலியுல்லாஹ்வின் கப்று இல்லை. அவர் அடங்கியிருப்பது நாகூரில். திரைக்குப் பின்னால் இருப்பதை அடியார்கள் பார்ப்பதில்லை. திரையில் எழுதிய முருகனையும் தேவியரையும் பார்த்தே கைகூப்புகிறார்கள். கண்ணைப் பாதி வழியில் நிறுத்திவிட்டு, அந்த நிறுத்தத்திலிருந்தே வணக்கத்தைத் தொடங்குவது இங்கே பழகிய காரியம். ஆகவே, உலகின் மறுகோடியில் உருவமில்லாத ஓவியங்களுக்காக எழுதப்பட்ட சொல்லில்லாத ஓர் இசை எழுப்பும் கேள்வியை இந்தக் கரையில் நின்று கேட்பது பொருத்தம் என்று நினைக்கிறேன். ஓவியத்தின் முன் பிறந்த இசை, இறைவன் பெயரோ மறைமொழியோ இல்லாமல், வணக்கமாக முடியுமா? முடியாது என்பதே என் விடை. ஆனால் வணக்கத்துக்கு முன்னால் நடந்தாக வேண்டிய ஒரு காரியத்தை அதனால் செய்ய முடியும். அந்தக் காரியத்தை நாம் மிகக் குறைவாக மதித்துவிட்டோம்.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் ரோத்கோ சிற்றாலயம் 1971 பெப்ரவரியில் திறக்கப்பட்டது. ஜோன் த மெனில், டொமினிக் த மெனில் என்ற தம்பதியர் 1964இல் மார்க் ரோத்கோ என்ற ஓவியரிடம் அந்த வேலையை ஒப்படைத்திருந்தார்கள். கத்தோலிக்க வழிபாட்டிடமாக எண்ணித் தொடங்கியது, முடியும்போது எந்தச் சமயத்துக்கும் தனியுரிமை இல்லாத இடமாகிவிட்டது. ரோத்கோ 1903இல், அன்றைய ரஷ்யப் பேரரசைச் சேர்ந்த டிவின்ஸ்க் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். திறப்புக்கு ஓராண்டு முன், 1970 பெப்ரவரியில், தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். எண்கோண மண்டபத்தின் சுவர்களில் அவருடைய 14 பெரிய ஓவியங்கள் இருக்கின்றன: மும்மூன்றாகச் சேர்த்த மூன்று தொகுதிகள், தனியாக ஐந்து. அவற்றில் மனிதர் இல்லை, மரம் இல்லை, சிலுவையும் இல்லை. ஏழில் கருஞ்சிவப்பு விளிம்புக்குள் ஒரு கறுப்பு நீள்சதுரம். மற்ற ஏழும் முழுக்க நாவற்பழத் தோலின் நிறம். உள்ளே நுழைந்தவுடன் எல்லாம் கறுப்பாகவே தெரியும். இருந்து பார்க்கும்போதுதான் மேற்கூரை வழியாக வரும் பகல் வெளிச்சம் வேலை செய்யத் தொடங்கும். முகில் ஒன்று சூரியனை மறைத்தால் ஒரு பக்கம் உள்வாங்கும். முகில் விலகினால் கறுப்புக்குள் கிடந்த ஊதாவும் சிவப்பும் மேலே வரும். பார்ப்பவர் பொறுத்திருந்த அளவுக்குத்தான் அந்த ஓவியங்கள் தங்களைக் காட்டும்.

ரோத்கோவின் நண்பரான இசையமைப்பாளர் மோர்ட்டன் ஃபெல்ட்மன் (1926–1987) திறப்பு விழாவுக்குப் போயிருந்தபோது, அந்த மண்டபத்திலேயே வாசிக்கத்தக்க ஓர் அஞ்சலி இசையை எழுதித்தரும்படி மெனில் தம்பதியர் கேட்டார்கள். 1971இல் எழுதி முடித்தார். மறு ஆண்டு அங்கேயே அரங்கேறியது. ஓவியங்கள் இருக்கும் இடத்தின் பெயரையே இசைக்கும் வைத்தார். பெரிய வாத்தியக் குழு கிடையாது. வயலினைவிடச் சற்றுப் பெரிய, குரல் தாழ்ந்த வயோலா ஒன்று. விசையை அழுத்தினால் உள்ளே சுத்தியல் உலோகத் தகட்டைத் தட்டும் செலெஸ்டா ஒன்று. சில தாளக் கருவிகள். இரண்டு பெண் குரல்கள். ஒரு பாடகர் குழு. பாடகர் குழு இருந்தும் பாட்டு வரி கிடையாது. குரல்கள் வாயை மூடி முனகுவது போலவும் உயிரொலியாகவும் மட்டுமே வரும். ஒரு சுரம் ஒலித்து, தேய்ந்து, அடங்குவதற்கு இடம் விட்டுத்தான் அடுத்த சுரம் வரும். அரை மணித்தியாலத்துக்கும் குறைவான இந்த ஆக்கத்தில் உரத்துப் பேசும் இடங்கள் மிகக் குறைவு. ரோத்கோவின் நிறம் சீலையின் ஓரம் வரை போவதுபோல், தன் ஒலியும் மண்டபம் முழுவதும் பரவியிருக்க வேண்டும், தூரத்திலிருந்து கேட்கும் கச்சேரியாக இருக்கக்கூடாது என்பதே ஃபெல்ட்மன் தன் நோக்கமாகச் சொன்னது.

ஓவியத்தைப் பார்த்து இசை எழுதுவது புதிய வழக்கமல்ல. ரஷ்யாவின் முசோர்க்ஸ்கி தன் நண்பர் ஹார்ட்மன் இறந்த மறு ஆண்டு, 1874இல், அவருடைய படங்களைக் கண்காட்சியில் பார்த்து நடப்பதாக ஒரு பியானோ ஆக்கம் எழுதினார். முட்டை ஓட்டுக்குள்ளிருந்து குஞ்சுகள் ஆடும், மாட்டுவண்டி உருண்டு போகும், சூனியக்காரி பறப்பாள். அது கதை சொல்லும் இசை. ஹார்ட்மனின் அந்தப் படங்களில் பெரும்பாலானவை தொலைந்துவிட்டன. இசையோ ஒரு குறையும் இல்லாமல் நிற்கிறது. ஓவியத்தை விவரிக்கும் இசைக்கு அந்த ஓவியம் கடைசியில் தேவைப்படவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. நம் பக்கத்தில் இது தலைகீழாக நடந்தது. வட இந்தியாவிலும் தக்காணத்திலும் இராகங்களை ஓவியமாக எழுதிய இராகமாலை மரபு பதினாறாம் நூற்றாண்டிலிருந்து செழித்தது. பீஜப்பூரை 1580 முதல் 1627 வரை ஆண்ட முஸ்லிம் மன்னர் இரண்டாம் இப்ராஹீம் ஆதில் ஷா, இராகங்களை உருவங்களாகக் கண்டு பாடல்கள் இயற்றி ‘கிதாபே நவ்ரஸ்’ என்று நூலாக்கினார். இராகமாலையில் தோடி என்றால் வீணையோடு நிற்கும் ஒரு பெண், அவளைச் சூழ்ந்த மான்கள். அழகான படங்கள்தான். என்றாலும் தோடியைக் கேட்டறியாத ஒருவர் அந்தப் படத்தை எவ்வளவு நேரம் பார்த்தாலும் தோடி காதில் விழாது. மேலே எழுதியிருக்கும் பெயரையும் செய்யுளையும் கொண்டுதான் இன்ன இராகம் என்று சொல்கிறோம். ஓர் ஊரில் ஓர் இராகத்துக்கு எழுதிய உருவம் இன்னோர் ஊரில் வேறாக இருக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் நடுவே சரக்கு ஏற்றி இறக்கும் பாலம் எதுவும் கிடையாது என்பதை இரண்டு மரபுகளும் சேர்ந்தே காட்டுகின்றன.

அப்படியானால் ஓவியத்தின் முன் நிற்கும் இசையமைப்பாளர் என்னதான் செய்யலாம்? ஓவியம் பார்ப்பவரிடம் கேட்கும் நடத்தையைத் தன் இசை கேட்பவரிடம் கேட்கலாம். ரோத்கோவின் ஓவியம் பொறுமையைக் கேட்கிறது. ஃபெல்ட்மனின் இசையும் அதே பொறுமையைக் கேட்கிறது. ஓவியம் எதையும் முன்னால் நீட்டாமல் காத்திருக்கிறது; இசையும் காத்திருக்கிறது. இதை விவரிப்பு என்று சொல்ல முடியாது. ஒரு பெரியவரின் முன் இன்னொரு பெரியவர் இருக்கும்போது காக்கும் அடக்கம் இது. நம் முஸ்லிம் ஊர்களில் இதற்கு அதபு என்று பெயர், குர்ஆனை எடுக்கும் கையிலும் உஸ்தாதின் முன் அமரும் முறையிலும் தெரிவது. ஓவியத்தால் தூண்டப்பட்ட இசையில் தேறியது எது, தேறாதது எது என்று பார்க்க எனக்கு இந்த ஒரு கேள்வி போதும்: அது ஓவியத்தை எடுத்துச் சொல்ல முயல்கிறதா, அதன் முன் அதபு காக்கிறதா?

ஃபெல்ட்மன் பின்னாளில் அனத்தோலியக் கம்பளங்களின்பால் ஈடுபாடு கொண்டார். சேகரித்தார், அவற்றைப் பற்றி 1981இல் கட்டுரையும் எழுதினார். துருக்கிய முஸ்லிம் கிராமங்களிலும் நாடோடிக் குடும்பங்களிலும் நெய்யப்பட்ட அந்தக் கம்பளங்களில் அவரைப் பிடித்தது ‘அப்ரஷ்’ எனப்படும் நிற வேறுபாடு. கம்பளி நூலைச் சிறிது சிறிதாகச் சாயமிட்டதால் ஒரே சிவப்பு நடுவில் சற்று மங்கி, பிறகு மீண்டும் அடர்ந்து வரும். மருதமுனைத் தறிக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஒரே அளவு சாயப்பொடி, ஒரே அளவு தண்ணீர், ஒரே கை. இருந்தும் இன்று தோய்த்த நூலும் அடுத்த தோய்ப்பில் வந்த நூலும் அச்சாக ஒன்றாக இருப்பதில்லை. பாவில் அந்த நூல் ஏறிவிட்டால், நெய்து முடித்த சாறத்தை வெயிலில் விரித்துப் பார்க்கும்போது கோடு எங்கே மாறியது என்று கண் கண்டுபிடித்துவிடும். விற்பனையில் அது குறை. ஃபெல்ட்மனுக்கோ அதுதான் வழிகாட்டியது. 1978இல் புல்லாங்குழல், பியானோ, தாளக் கருவி என மூவருக்காக எழுதிய ஆக்கத்தில் மூவரும் தத்தம் கோலங்களைத் தத்தம் போக்கில் வாசிப்பார்கள். முடிவை நெருங்கும்போதுதான் சேர்வார்கள். ஒரே கோலம் திரும்பத் திரும்ப வரும், ஆனால் ஒருமுறை வந்தது போல் மறுமுறை வராது. முழுமை இறைவனுக்கே என்பதால் நெசவாளர் வேண்டுமென்றே ஒரு பிழையை விட்டுவைப்பார் என்று சொல்லப்படும் கதையை நான் இங்கே சான்றாகக் கொள்ளவில்லை. பிழையை வேண்டுமென்றே விடுபவர், விடாவிட்டால் தன் வேலை முழுமையாகியிருக்கும் என்று நம்புகிறார் என்றாகும். அதில் பணிவு இல்லை. சாயத்தொட்டி தானாகத் தரும் வேறுபாட்டை மறைக்காமல் ஏற்றுக்கொள்வதில்தான் பணிவு இருக்கிறது. உருவம் எழுதாத முஸ்லிம் கைவினையிலிருந்து நம் காலத்துச் சிறுகுழு இசை ஒன்று இதைக் கற்றுக்கொண்டது என்பதை நம் ஊர்களில் யாராவது எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

இனித் திரைக்கு வருவோம். கதிர்காமத்தில் பூசை செய்யும் கப்புறாளை வாயை வெள்ளைத் துணியால் கட்டிக்கொண்டு, மந்திரம் ஓதாமல் பூசையை முடிக்கிறார். மட்டக்களப்பு வாவிக்கு அக்கரையிலுள்ள மண்டூர்க் கந்தசுவாமி கோவிலிலும் கப்புகனார் வாய்கட்டித்தான் பூசை செய்கிறார். அங்கும் திரைதான் முன்னிற்கிறது. தில்லையில் சிதம்பர இரகசியத்தின் திரையை விலக்கிக் காட்டினால் பொன் வில்வமாலையும் வெளியும்தான். இங்கெல்லாம் காட்சி மறைக்கப்படுவது வறுமையாலோ, உள்ளே ஒன்றுமில்லை என்பதாலோ அல்ல. பார்ப்பவர் பார்த்து முடித்துவிட்டேன் என்று எண்ணிவிடக்கூடாது என்பதற்காக. ரோத்கோ எழுதிய கறுப்பும் ஒரு திரை. அந்தத் திரைக்கு முன்னால் ஃபெல்ட்மன் தன் பாடகர்களின் வாயைக் கட்டியிருக்கிறார். ஃபெல்ட்மன் என்ற நியூயோர்க் யூதர் கிழக்கிலங்கையின் கப்புகனாரை அறிந்திருப்பார் என்று நான் சொல்லவரவில்லை. மிகப் பெரியது ஒன்றின் முன் மனிதர் செய்யக்கூடியவை சிலவே. எங்கிருந்து வந்தாலும் அவர்கள் அந்தச் சிலவற்றுக்குத்தான் வந்து சேர்கிறார்கள்.

ஆனால் இதோடு நிறுத்திக்கொண்டால் நான் மெத்தனமாக வாதாடியவனாவேன். மௌனமும் மங்கிய வெளிச்சமும் எவருக்கும் ஒரு மனநிலையைத் தரும். நல்ல கட்டடக்கலைஞர் ஒருவர் வங்கிக்குக்கூட அந்த மனநிலையைக் கட்டித்தந்துவிடுவார். மனநிலையை வணக்கம் என்று எப்படிச் சொல்வது? இந்த மறுப்பு சரியானது. அதற்கு விடை, தொழுகைக்கு முன் செய்யும் வுழூவில் இருக்கிறது. கையை, வாயை, முகத்தை, காலைக் கழுவுவதைத் தொழுகை என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் அது இல்லாமல் தொழுகை கூடாது. அதோடு, இலங்கை முஸ்லிம்கள் பெரும்பாலும் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் நிய்யத், அதாவது இன்னதற்காகச் செய்கிறேன் என்ற எண்ணம், வுழூவின் கட்டாயக் கடமைகளான பர்ளுகளில் ஒன்று; முகத்தைக் கழுவத் தொடங்கும்போதே அது உள்ளத்தில் இருந்தாக வேண்டும். ஹனபி மத்ஹபில் அது கட்டாயமல்லாத சுன்னத் மட்டுமே. ஷாபிஈ சட்டத்தின்படி நிய்யத் இல்லாமல் அதே தண்ணீரால் அதே உறுப்புகளை அதே வரிசையில் கழுவினால், அது வெயிலுக்கு முகம் கழுவியதுதான். ரோத்கோவின் மண்டபத்தையும் ஃபெல்ட்மனின் இசையையும் நான் வுழூவின் இடத்தில் வைக்கிறேன். அவை புலன்களைக் கழுவுகின்றன. கடையின் ஒலிபெருக்கியும் கைத்தொலைபேசித் திரையும் நாள் முழுக்க நம் கண்ணிலும் காதிலும் ஏற்றியதை இறக்குகின்றன. ஆனால் நிய்யத்தை அவை தரமாட்டா. கேட்பவர்தான் கொண்டுவர வேண்டும். நிய்யத்தோடு வந்தவருக்கு அது ஆயத்தம். இல்லாமல் வந்தவருக்கு அது ஒரு நல்ல கச்சேரி. ஒரே இருக்கைவரிசையில் இந்த இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கலாம். இசையமைப்பாளரால் இவர்களைப் பிரித்தறிய முடியாது. பிரித்தறிய வேண்டியதும் அவர் வேலையல்ல.

இதைவிடக் கனமான மறுப்பு நம் முஸ்லிம் ஊர்களிலிருந்தே வரும். இசைக்கருவி கூடாது, உருவப்படம் கூடாது; கூடாத இரண்டைச் சேர்த்து ஓர் ஆயத்தம் என்கிறாயே என்று கேட்பவர்கள் இருப்பார்கள். இதை ஒதுக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. உருவத்தைப் பொறுத்தவரை விடை எளிது: உயிருள்ளதன் உருவம் எதுவும் ரோத்கோவின் அந்த 14 ஓவியங்களிலும் இல்லை, கம்பளத்திலும் இல்லை. இசைக்கருவி பற்றியதில் கருத்து வேறுபாடு பழையது. இமாம் கஸ்ஸாலி (1058–1111) ‘இஹ்யா உலூமித்தீன்’ நூலில் ஸமா எனப்படும் இசை கேட்டலுக்கென்றே ஒரு பகுதி எழுதினார். இசை உள்ளத்தில் புதிதாக எதையும் போடுவதில்லை, அங்கே ஏற்கனவே இருப்பதைக் கிளறுகிறது என்பது அவருடைய வாதத்தின் அடித்தளம். ஆகவே காலம், இடம், கூட இருப்பவர்கள் மூன்றும் சரியாக இருக்க வேண்டும் என்றார். நரம்புக் கருவிகளையும் சில குழல்களையும் குடிகாரர் கூட்டத்தின் அடையாளங்கள் என்று விலக்கினார், தஃப் என்ற கைப்பறையை அனுமதித்தார். நோன்பு காலத்தில் சஹருக்கு ஊரை எழுப்ப வரும் பக்கீர் பாவாவின் றபானும், றிபாய் ராத்திபில் பைத்தோடு ஒலிக்கும் தாளமும் இந்த அனுமதிக்குள் நின்றுதான் இந்தக் கரையில் வாழ்ந்துவருகின்றன. கஸ்ஸாலி அதே பகுதியில் இன்னொரு துணிச்சலான கேள்வியையும் எடுத்தார்: குர்ஆன் ஓதுவதைக் கேட்கும்போது வராத பரவசம் சிலருக்குப் பாட்டில் வருவது ஏன்? ஏழு காரணங்களை வகுத்தார். அடிக்கடி கேட்டுப் பழகியது அதிர்ச்சி தருவதில்லை. ஒவ்வொரு வசனமும் அந்த நேரத்துக் கேட்பவரின் நிலைக்குப் பொருந்திவிடுவதில்லை. பாட்டை நீட்டவும் குறுக்கவும் முடியும், இறைமொழியை நம் விருப்பத்துக்கு அப்படிச் செய்ய முடியாது என்பன அவற்றுள் சில. இதனால் பாட்டு குர்ஆனைவிட உயர்ந்தது என்று அவர் சொல்லவில்லை. பரவசம் எதற்கும் அளவுகோல் அல்ல என்று சொன்னார் என்றே நான் இதைப் படிக்கிறேன். வயோலா கஸ்ஸாலியின் அனுமதிக்குள் வராது என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். அவர் வழி நிற்க விரும்புகிறவரை வற்புறுத்தி அமர்த்த எனக்கு உரிமையில்லை. ஆனால் கூடாது என்பவர் காக்கும் பொருள் எதுவோ, அதையே இந்த இசையும் காக்க முயல்கிறது. இறைவனை ஒரு மனக்கிளர்ச்சியாகச் சுருக்கிவிடாதே என்கிறார் அவர். கிளர்ச்சியை ஊட்டாத இசையை எழுதியிருக்கிறார் ஃபெல்ட்மன்.

சைவத்தின் பக்கமிருந்து வரும் மறுப்பு வேறு மாதிரி. எங்களுக்குத் திருமுறை சொல்லோடு வந்தது. ஊர்ப்பெயரும் இறைவன் பெயரும் இல்லாத பதிகம் ஏது? சொல்லை நீக்கினால் பண் மட்டும் மிஞ்சும், பண் பக்தியாகுமா? இதற்கு இரண்டு ஆக்கங்களின் முடிவே விடை தருகிறது என்று நினைக்கிறேன். ஒன்று ஃபெல்ட்மனுடையது. மற்றது, அவருக்கு ஐம்பது ஆண்டுகள் கழித்து, அதே மண்டபத்தின் பொன்விழாவுக்காக, கறுப்பின இசையமைப்பாளர் டைஷோன் சோரி எழுதியது 2022 பெப்ரவரியில் அங்கேயே அரங்கேறியது. அதே வயோலா, செலெஸ்டா, தாளக் கருவிகள், பாடகர் குழு. பெண் குரல்களுக்குப் பதில் ஓர் ஆணின் தாழ்குரல். ஃபெல்ட்மனை ஒட்டியும் அவரைவிட நீண்டும் நடக்கும் இசை அது. இந்த இரண்டு ஆக்கங்களும் உருவமின்மையிலேயே நின்றுவிடவில்லை. ஃபெல்ட்மனின் கடைசிப் பகுதியில் தாளக் கருவியொன்று நாலு சுரத்தை மட்டும் மாறாமல் திரும்பத் திரும்பத் தட்டிக்கொண்டிருக்க, அதன்மேல் வயோலா ஒரு மெட்டை வாசிக்கிறது. யூதத் தொழுகை மண்டபத்தின் சாயல் கொண்ட அந்த மெட்டை ஃபெல்ட்மன் பதின்ம வயதில் எழுதி வைத்திருந்தார். சோரியின் ஆக்கத்தில் தாழ்குரல், அடிமைக்காலக் கறுப்பின மக்கள் பாடிய தாயற்ற பிள்ளையின் பாட்டிலிருந்து துணுக்குகளை எடுத்து வருகிறது. மௌனத்தைக் கடைசிவரை தாங்கமுடியாமல் பழைய நினைவில் போய் விழுந்துவிட்டார்கள் என்று இதைக் குறை சொல்லலாம். எனக்கு அப்படிக் கேட்கவில்லை. அந்த மெட்டு முதல் நிமிடத்தில் வந்திருந்தால் அது இனிய மெட்டு. அவ்வளவு நேரம் ஒன்றையும் பற்றிக்கொள்ளாமல் காத்திருந்த காதுக்கு வரும்போது அது ஒருவர் தன் வீட்டு மொழியில் தன் இறைவனைக் கூப்பிடும் குரலாகிவிடுகிறது. சைவர் கேட்கும் பெயரும் சொல்லும் அந்த இடத்தில்தான் தேவைப்படுகின்றன. ஆயத்தத்துக்குச் சொல் வேண்டியதில்லை, வணக்கத்துக்கு வேண்டும். ஆயத்தத்தின் முடிவில் ஃபெல்ட்மன் யூதராகவே திரும்பி நின்றார், சோரி தன் முன்னோரின் பிள்ளையாகவே திரும்பி நின்றார். மண்டபம் எல்லாருக்கும் பொது, மெட்டு அவரவருடையது.

இங்கேதான் ஹூஸ்டன் மண்டபத்தைப் போற்றுகிறவர்கள் பலரோடு நான் முரண்படுகிறேன். அதன் முன்கூடத்தில் குர்ஆன் உட்படப் பல சமயங்களின் மறைநூல்கள் வைக்கப்பட்டிருக்கின்றன. விரும்பியவர் எடுத்துக்கொண்டு உள்ளே போகலாம். நல்லெண்ணத்தில் செய்தது, அதைக் குறைசொல்ல மாட்டேன். ஆனால் அதிலிருந்து, எல்லாச் சமயமும் ஒரே அமைதிதான், அந்த அமைதியில் அமர்ந்தால் பகை தீர்ந்துவிடும் என்று பேசுவது பொய்யான ஆறுதல். இந்தக் கரை அதை அறியும். 1990 ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே மாதத்தில் சம்மாந்துறைக்குப் பக்கத்திலுள்ள வீரமுனையில் பிள்ளையார் கோவிலில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். இரண்டும் வணக்கத்துக்குரிய இடங்கள், இரண்டிலும் இருந்தவர்கள் ஆயுதமில்லாதவர்கள். இடத்தின் புனிதமும் அங்கிருந்த அமைதியும் எவரையும் காப்பாற்றவில்லை. இதற்குப் பிறகும் ஒரு வயோலாவும் செலெஸ்டாவும் சமூகங்களைச் சேர்த்துவைக்கும் என்று சொல்ல எனக்கு நா எழாது. கதிர்காமத்தில் கோவிலும் பள்ளிவாசலும் ஒரே வளவில் இருக்கின்றன. கோவில் விழாக் காலத்திலேயே பள்ளியிலும் கொடி ஏறுகிறது. ஆனால் அங்கே எவரும் இரண்டையும் கலந்து ஒன்றாக்கவில்லை. ஒருவர் திரையின் முன் நிற்கிறார், மற்றவர் பாத்திஹா ஓதுகிறார். பாதையும் ஆறும் பொது, வணக்கம் தனித்தனி. ஆயத்தத்தைப் பகிரலாம், வணக்கத்தைக் கலக்க வேண்டியதில்லை என்ற இந்த ஏற்பாடு, முன்கூடத்து நூலடுக்கைவிட நேர்மையானது என்பது என் எண்ணம்.

இதெல்லாம் நமக்கு அந்நியம், மேல்நாட்டுப் பணக்காரரின் கலை என்றும் சொல்வார்கள். காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்த அடிகள் ஷேக்ஸ்பியரின் நாடகங்களைத் தமிழ் நாடக இலக்கணத்தோடு வைத்து ஆராய்ந்து 1926இல் ‘மதங்க சூளாமணி’ எழுதினார். பிறகு பழந்தமிழ் யாழைக் கணக்கோடு மீட்டு, தன் மறைவுக்குச் சில வாரங்களுக்கு முன் 1947 ஜூனில் ‘யாழ் நூலை’ அரங்கேற்றினார். துறவியான அவர் இசையாராய்ச்சியைத் தன் துறவுக்குப் புறம்பானதாக எண்ணவில்லை. வெளியூர்ப் பொருள் என்று எதையும் கண்டு கூசவுமில்லை. அவர் பிறந்த கரைக்கு இது போதிய விடை.

கல்லடியில் அவர் பெயரால் அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. இங்குள்ள இளைஞர் ஒருவர் ஓவியத்துக்கோ நெசவுக்கோ இசை எழுத நினைத்தால், ஹூஸ்டனைப் பார்த்து எழுத வேண்டியதில்லை. மருதமுனைத் தறியில் சாயம் மாறிய ஒரு துணியை எடுத்துக்கொள்ளலாம். அந்தத் துணியைத் தெரிந்தெடுக்கும் உரிமை நெய்தவருக்கே இருக்க வேண்டும், ஏனெனில் எந்த வேறுபாடு தோய்ப்பில் வந்தது, எது கவனக்குறைவில் வந்தது என்று அவருக்குத்தான் தெரியும். குரல்களும் றபானும் மட்டும் போதும். கஸ்ஸாலியின் வழி நிற்பவரும் வந்து அமரலாம். பள்ளியிலும் வேண்டாம், கோவிலிலும் வேண்டாம், ஒரு பாடசாலை மண்டபம் போதும். தொடக்கத்தில் நல்லிணக்கம் பற்றி எவரும் பேசக்கூடாது. பேசினால் கேட்பவர் எதைக் கேட்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டதாகிவிடும், காத்திருப்பதற்கு ஒன்றும் இருக்காது. கடைசியில் யாருடைய மெட்டு வரவேண்டும் என்பதை எழுதுபவர் தன் வீட்டுக்கு உண்மையாக இருந்து முடிவுசெய்ய வேண்டும், பக்கத்து ஊரைத் திருப்திப்படுத்துவதற்காக இரண்டு மெட்டைச் சேர்த்துத் தைக்கக்கூடாது. மஃரிப் பாங்குக்கு அரை மணித்தியாலம் முன்பே முடித்துவிட வேண்டும். பள்ளிக்குப் போகிறவர் பள்ளிக்கும், சாயங்காலப் பூசைக்குப் போகிறவர் கோவிலுக்கும் நேரத்தோடு போய்ச் சேர அந்த அரை மணித்தியாலம் வேண்டும்.